மணலியில் பிறந்த நம் பிடில்: பாலுசுவாமி தீட்சிதர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூரில் என் வீட்டு மாடியில் இருபது வருடத்துக்கு மேலாக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். மணலி, எண்ணூர், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று சுற்று வட்டாரத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். வகுப்பு முடியும்வரை அம்மா அப்பாக்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் பேச்சுவாக்கில் ஒருமுறை, "கர்நாடக சங்கீதத்துக்குள்ள வயலின் வந்ததே நம்ம மணலியிலதான்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நடுநடுவே வயலின் கற்பது பற்றிய கேள்விகளும் உண்டு.

பாலுசுவாமி தீட்சிதர் யார்?

கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் கடைசித் தம்பி. 1786இல் பிறந்தார், 1859இல் காலமானார். கர்நாடக சங்கீதத்தை வயலினில் முதன்முதலாக வாசித்தவர் என்று இசை உலகம் அவரைத்தான் சொல்கிறது. அண்ணனின் பேர் தெரியாத இசை ரசிகர் இல்லை. தம்பியின் பேர் வயலின் வாசிக்கிறவர்களுக்கே பல பேருக்குத் தெரியாது. எனக்கும் கற்க ஆரம்பித்துப் பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

தீட்சிதர் குடும்பம் திருவாரூர்க் குடும்பம் ஆயிற்றே, அவர்களுக்கும் மணலிக்கும் என்ன சம்பந்தம்?

இவர்களுடைய அப்பா ராமசுவாமி தீட்சிதர் பெரிய வித்துவான். ஹம்சத்வனி ராகத்தை உண்டாக்கியவர் அவர்தான் என்பார்கள். எந்தக் கச்சேரியிலும் முதலில் காதில் விழுகிற "வாதாபி கணபதிம்" அந்த ராகம்தான். மகன் முத்துசுவாமி அமைத்த பாட்டு.

அந்தக் காலத்தில் மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் என்று ஒரு பெரிய செல்வந்தர் இருந்தார். சென்னை கவர்னர் பிகட்டிடம் துபாஷியாக இருந்தவர். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேச்சையும் வியாபாரத்தையும் நடத்திக்கொடுத்தவர்கள் இவர்கள். வித்துவான்களை ஆதரிப்பதில் முதலியார் கை தாராளம். ராம நாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயரையும் ஆதரித்தவர் இவர்தான். அவர் அழைத்ததால் ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தோடு மணலிக்கு வந்து தங்கினார். பிறகு முதலியாரின் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் காலத்திலும் அந்த ஆதரவு தொடர்ந்தது. சின்னையா முதலியார் என்றும் இவரைச் சொல்வார்கள். வயலின் கதைக்கு முக்கியமான ஆள் இவர்.

முத்துசுவாமி தீட்சிதர் இந்த மணலியிலிருந்துதான் சிதம்பரநாத யோகியோடு காசிக்குப் போனார். ஆலைப் புகைபோக்கியும் டேங்கர் லாரியுமாக இன்று நாம் பார்க்கிற மணலியை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டால் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கும்.

அவருக்கு வயலின் யார் கற்றுக்கொடுத்தது?

சின்னையா முதலியாருக்கு வேலை நிமித்தம் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அடிக்கடி போக்குவரத்து உண்டு. தீட்சிதர் சகோதரர்களையும் கூட்டிக்கொண்டு போவார். கோட்டையில் வெள்ளைக்காரப் பாண்டு வாசிக்கும். அதில் பிடிலும் இருந்தது. பையன் பாலுசுவாமிக்கு அந்த வாத்தியத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. அதைக் கவனித்த முதலியார், ஓர் ஐரோப்பியரை ஏற்பாடு செய்து மூன்று வருடம் முறையாகச் சொல்லிவைக்கச் செய்தார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிறுத்துவேன். ஒரு பிள்ளை எதையோ வைத்த கண் வாங்காமல் பார்க்கிறது. பக்கத்தில் இருக்கிற பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "உனக்கு இது வேண்டுமா?" என்று கேட்டு வாத்தியாரை அமர்த்துகிறார். சாஸ்திரம் கற்ற குடும்பத்துப் பையன், பரங்கியர் வாத்தியம் என்று அப்பாவோ அண்ணனோ அதைத் தடுக்கவும் இல்லை. முதலியார் அன்று கவனிக்காமல் விட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

வெள்ளைக்காரர்கள் நின்றுகொண்டு வாசிக்கிறார்கள். நாம் ஏன் உட்கார்ந்து, வயலினைக் காலில் வைத்து வாசிக்கிறோம்?

புதிதாகச் சேர்க்கவரும் பெற்றோரில் பாதிப் பேர் இதைக் கேட்பார்கள். "கீழ வச்சா சாமிக் குத்தம் ஆகாதா மிஸ்?" என்றுகூட ஒரு பாட்டி கேட்டார்.

காரணம் கமகம். நம் சங்கீதத்தில் ஸ்வரம் ஓர் இடத்தில் குத்துக்கல் மாதிரி நிற்பதில்லை. தோடி ராகத்துக் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது கீழே ரிஷபத்தையும் மேலே மத்யமத்தையும் தொட்டுத் தொட்டு ஆடினால்தான் தோடி. அசையாமல் நிறுத்தி வாசித்தால் கேட்கிறவர் முகம் மாறிவிடும். அந்த அசைவை வாசிக்க விரல் தந்தியின் மேல் வழுக்கிப் போக வேண்டும், போன வேகத்தில் திரும்பி வர வேண்டும். இடது கை வயலினைத் தாங்கிக்கொண்டும் இருந்தால் இது சிரமம். அதனால் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் சுருண்ட தலையை வலது கணுக்காலில் வைத்து, அடிப்பக்கத்தை இடது தோளுக்குக் கீழே மார்பில் அணைத்துக்கொள்கிறோம். பாரம் காலுக்கும் மார்புக்கும் போய்விடும். இடது கை விடுதலை.

சுருதி சேர்ப்பதும் வேறு. மேல்நாட்டு முறையில் நான்கு தந்தியும் ஜி, டி, ஏ, இ என்று நான்கு வேறு ஸ்வரங்கள். நமக்கு தடித்த தந்தியிலிருந்து ச, ப, ச, ப. முதல் ஜோடி கீழ் ஒலியான மந்தரத்தில், அடுத்த ஜோடி நடு ஒலியான மத்ய ஸ்தாயியில். பாடுகிறவர் சுருதி எதுவோ அதற்கு இறக்கியோ ஏற்றியோ வைத்துக்கொள்வோம். இந்த முறை ஒரே நாளில் ஒருவர் உட்கார்ந்து எழுதிவைத்தது அல்ல. மூன்று நான்கு தலைமுறை வித்துவான்கள் கையில் பழகிப் பழகி இந்த உருவத்துக்கு வந்தது. பாலுசுவாமி செய்தது முதல் அடி. அந்நிய வாத்தியத்தில் நம் ராகம் வரும் என்று வாசித்துக் காட்டினார்.

அப்புறம், பாட்டிக்கு நான் சொன்ன பதில்: வயலினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுக்கிறோம், கீழே வைக்கும்போதும் துணி விரித்துத்தான் வைக்கிறோம், குத்தம் ஒன்றும் இல்லை பாட்டி.

வடிவேலுதான் முதலில் வயலின் வாசித்தார் என்று படித்தேனே?

தஞ்சை நால்வர் எனப்படும் இசைச் சகோதரர்களில் கடைசியானவர் வடிவேலு. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசளித்தார். தஞ்சாவூர் அரண்மனையில் இருந்த வராகப்பய்யர் பெயரையும் சிலர் சொல்வார்கள். மூன்று பேருமே முன்னோடிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் வடிவேலு பிறந்தது 1810 வாக்கில். அதற்குள் பாலுசுவாமிக்கு வயது இருபத்து நான்கு, மணலியில் கற்றதெல்லாம் முடிந்து வித்துவானாகிவிட்டார். தவிர, தஞ்சை நால்வர் முத்துசுவாமி தீட்சிதரின் சீடர்கள். ஆகவே என் கணக்கில் முதலிடம் பாலுசுவாமிக்குத்தான்.

நோட்டுஸ்வரம் என்கிறார்களே, அது என்ன?

கோட்டைப் பாண்டு பாலுசுவாமியை மட்டும் ஈர்க்கவில்லை, அண்ணனையும் ஈர்த்தது. அங்கே கேட்ட மேல்நாட்டு மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், எழுதினார். சுமார் நாற்பது பாட்டுகள் கிடைத்திருக்கின்றன. எல்லாம் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில், கமகம் இல்லாமல், நேர் நேராகப் போகும். "சந்ததம் பாஹிமாம்" என்ற பாட்டைக் கேளுங்கள், இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற அவர்கள் தேசிய கீதத்தின் மெட்டு அப்படியே இருக்கும். வாழ்த்து மட்டும் ராஜாவுக்கு அல்ல, சங்கீத சியாமளை அம்மனுக்கு. "வந்தே மீனாட்சி" ஓர் அயர்லாந்து நடன மெட்டு.

குழந்தைகளுக்கு இவை ரொம்பப் பிடிக்கும். சில வித்துவான்கள் இதை விளையாட்டு என்று ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கமகத்துக்குப் போகுமுன் விரல் சுத்தமாக விழ வேண்டும், வில் நேராகப் போக வேண்டும். அதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

மணலிக்குப் பிறகு அவர் என்ன ஆனார்?

தெற்கே போனார். எட்டயபுரம் மன்னர் அவர் வாசிப்பைக் கேட்டு சமஸ்தான வித்துவானாக வைத்துக்கொண்டார். வயலின் மட்டுமல்ல, வீணை, மிருதங்கம் என்று பல வாத்தியங்கள் அவருக்குக் கைவந்திருந்தன. அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கு சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். முத்துசுவாமி தீட்சிதர் தம்பியைத் தேடிக்கொண்டு எட்டயபுரம் வந்து சேர்ந்ததும், 1835 தீபாவளியன்று அங்கேயே காலமானதும் பலரும் அறிந்தது. தம்பி அதற்குப் பிறகு இருபத்து நான்கு வருடம் அந்த ஊரிலேயே இருந்தார்.

இருநூறு வருடத்துக்கு முந்தைய கதை. இதெல்லாம் எப்படித் தெரியும்?

பாலுசுவாமியின் மகள் வழிப் பேரன் சுப்பராம தீட்சிதர். தாத்தாவே அவரை மகனாகச் சுவீகாரம் எடுத்து வளர்த்தார். அவர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" என்ற பெரிய தெலுங்கு நூலில் குடும்ப வரலாறும் தீட்சிதர் கிருதிகளின் ஸ்வரக் குறிப்பும் இருக்கின்றன. மணலி முதலியார், கோட்டை, மூன்று வருடப் பாடம் எல்லாம் அதில் வருவதுதான். தாத்தா மடியில் கேட்ட பேரன் எழுதிவைத்தது. அவரைத் தூண்டி எழுதவைத்தவர்களில் ஒருவர் சின்னசுவாமி முதலியார். நம் பாட்டுகளை மேல்நாட்டு நோட்டேஷனில் எழுதி அச்சடிக்கத் தன் சொத்தையெல்லாம் செலவழித்த சென்னைக் கிறிஸ்தவர்.

கச்சேரியில் பாடுகிறவருக்குப் பக்கத்தில் எப்போதும் வயலின்தானே இருக்கிறது? முன்னால் அங்கே என்ன இருந்தது?

வீணை. வீணைத் தந்தியை மீட்டினால் நாதம் எழுந்து தேய்ந்துவிடும். வயலினில் வில் போட்டால் இழுக்கிற வரைக்கும் நாதம் நிற்கும், பாடுகிறவர் குரல் மாதிரியே. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை கேட்டது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாத்தியத்தின் இடம் பிடிலுக்கு வந்தது. திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை போன்றவர்கள் வந்த பிறகு பிடில் இல்லாத கச்சேரியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மைசூர் சௌடய்யா நாதம் இன்னும் பெரிதாகக் கேட்க வேண்டும் என்று ஏழு தந்தி வைத்தே வாசித்தார். பிறகு துவாரம் வெங்கடசாமி நாயுடு, ராஜமாணிக்கம் பிள்ளை, லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் என்று வரிசை நீளும். அவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

சங்கீதம் என்றால் மயிலாப்பூர்தானே? வடசென்னையில் என்ன இருந்தது?

இந்தக் கேள்வியை வெளியார் கேட்டால் பரவாயில்லை. நம் ஆட்களே கேட்கும்போதுதான் மனசு கஷ்டப்படுகிறது.

நம் வடிவுடையம்மன் கோயிலிலிருந்தே ஆரம்பிக்கலாம். தியாகராஜ சுவாமிகள் திருவையாற்றிலிருந்து சென்னைக்கு வந்தபோது, சீடர் வீணை குப்பய்யர் அழைப்பில் திருவொற்றியூருக்கு வந்தார். இங்கே அம்மன் மேல் ஐந்து கிருதிகள் பாடினார். பேகடா ராகத்தில் ஒன்று, ஆரபியில் ஒன்று, கல்யாணியில் ஒன்று, சாவேரியில் ஒன்று, சுத்த சாவேரியில் ஒன்று. திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்றே அதற்குப் பேர். முத்துசுவாமி தீட்சிதரும் இங்கே ஆதிபுரீசுவரர் மேல் ஆரபியில் பாடியிருக்கிறார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வரிசையில் நிற்கிறோமே, அதே சன்னிதிதான்.

அப்புறம் ஜார்ஜ் டவுன். வீணை தனம்மாள் வீடு அங்கே ராமகிருஷ்ண செட்டித் தெருவில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீணை கேட்கப் பெரிய பெரிய வித்துவான்கள் அந்தச் சின்ன வீட்டில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்களாம். அரண்மனைக்காரன் தெருவில் கோகலே மண்டபம். கச்சேரியும் கூட்டமுமாக இருந்த இடம். மியூசிக் அகாதெமி 1928இல் தொடங்கி வைக்கப்பட்டதுகூட எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. அரங்கில்தான். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ராஜா அண்ணாமலை மன்றம் இன்றும் இருக்கிறது. தமிழ் இசைச் சங்கம் மார்கழியில் அங்கே இசை விழா நடத்துகிறது, பண் ஆராய்ச்சியும் நடக்கிறது. சபாக்கள் பிறகு தெற்கே நகர்ந்தன, வக்கீல்களும் வியாபாரிகளும் அந்தப் பக்கம் குடிபோனதோடு சேர்ந்து. பாட்டு இங்கே இல்லாமல் போனதால் அல்ல.

வயலின் வாசித்துப் பிழைக்க முடியுமா, டீச்சர்?

மறைக்காமல் சொல்கிறேன். கச்சேரி வருமானத்தை மட்டும் நம்பி இருப்பவர்கள் குறைவு. பக்கவாத்தியத்துக்கு சன்மானம் பாடுகிறவரைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வானொலியில் ஆடிஷன் கொடுத்து கிரேடு வாங்கினால் நிகழ்ச்சி வரும், அந்த கிரேடு மற்ற இடங்களிலும் மதிப்புத் தரும். முன்பெல்லாம் சினிமா ரெக்கார்டிங்கில் வரிசை வரிசையாக வயலின்காரர்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. கோயில் உற்சவம், கல்யாண ரிசப்ஷன், பரதநாட்டிய நிகழ்ச்சிக்குப் பக்கவாத்தியம், இணையவழி வகுப்பு என்று எல்லாம் சேர்த்துத்தான் ஒரு குடும்பம் நடக்கும். பெரும்பாலான வயலின்காரர்களுக்கு மாதா மாதம் நிச்சயமாக வருவது பாடம் சொல்லிக்கொடுக்கிற பணம்தான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு சிரமமும் உண்டு. நான் இளவயதில் இருந்தபோது தெற்குப் பக்கத்து ஒரு சபாவில் வாய்ப்புக் கேட்டுப் போனேன். வாசிப்பைக் கேட்பதற்கு முன்பே, "திருவொற்றியூரா? ராத்திரி கச்சேரி முடிஞ்சு எப்படிம்மா போவீங்க?" என்று கேட்டார்கள். அக்கறையாகத்தான் கேட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. பிராட்வேயில் கடைசி பஸ்ஸுக்காக வயலின் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ராத்திரிகள் எனக்கு உண்டு. இப்போது விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. என் மாணவி ஒருத்தி போன மார்கழியில் கச்சேரி முடித்து அதில்தான் வீடு வந்தாள். மறுநாள் வந்து சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பெண் குழந்தைகள் இதில் மேலே வர முடியுமா?

முடியும். டி. ருக்மிணி பெரிய பெரிய பாடகர்களுக்கெல்லாம் வாசித்தார். ஏ. கன்யாகுமாரி எம்.எல். வசந்தகுமாரிக்கு வருடக் கணக்கில் வாசித்தவர், 2016இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். ஆனால் ஆண் பாடகருக்குப் பெண் வயலின் என்றால் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

கடற்கரைப் பக்கம் வீடு. வயலின் கெடாமல் எப்படி வைத்துக்கொள்வது?

எண்ணூர்ப் பிள்ளைகளின் தந்தி மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். உப்புக் காற்று. வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் தந்தியையும் விரல் பலகையையும் துடைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். ரோசின் தூள் மரத்தின் மேல் படிந்திருந்தால் அதையும். வில்லின் மயிரை வாசிக்கும்போது மட்டும் முறுக்குங்கள், முடித்ததும் தளர்த்திவிட வேண்டும்.

மழைக்காலத்தில் மரம் ஊதி, தந்தியை முறுக்குகிற பிருடை இறுகிக்கொள்ளும். பலம் கொண்டு திருகினால் உடையும், என்னிடம் கொண்டுவாருங்கள். மே மாதத்தில் அதுவே தளர்ந்து வழுக்கும், கொஞ்சம் சாக்பீஸ் தடவினால் போதும். நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். தந்திகளைத் தாங்கி நிற்கிற குதிரை என்ற சின்னப் பலகை சாய்ந்துவிடும். வயிற்றுக்குள் நாதத்தைக் கடத்துகிற சின்னக் குச்சி ஒன்று நிற்கிறது. பசை கிடையாது, அழுத்தத்தில்தான் நிற்கிறது. அதுவும் விழுந்துவிடும்.

இன்னொன்று, வெயிலில் வைக்காதீர்கள். ஒரு வெள்ளத்தின்போது மாணவன் ஒருவன் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பெட்டி நனைந்துவிட்டது. பதறிப்போன அவன் அம்மா வயலினை வடகத்தோடு மொட்டைமாடியில் காயவைத்துவிட்டார். வயலினை ஒட்டுவது விலங்குப் பசையில். ஈரத்துக்கும் சூட்டுக்கும் அது விட்டுக்கொடுக்கும். சாயங்காலம் பார்த்தால் மேல்பலகை ஒரு பக்கம் வாய் பிளந்து நிற்கிறது. அழுதுகொண்டே தூக்கிவந்தார். நல்லவேளை, பிரித்து ஒட்டுவதற்கு வசதியாகத்தான் அந்தப் பசையைப் போடுகிறார்கள். ரிப்பேர் செய்பவர் சரியாக்கிக் கொடுத்தார், இன்றும் அதில்தான் வாசிக்கிறான். நனைந்தால் துடைத்து, நிழலில், மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில் வையுங்கள்.

எந்த வயதில் சேர்க்கலாம்?

ஆறு, ஏழு. சின்னக் கைக்கு அரை அளவு, முக்கால் அளவு வயலின்கள் கிடைக்கும். பெரியவர்களும் வரலாம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அறுபதில் ஆரம்பித்து வர்ணம் என்கிற பெரிய பாடம் வரை வந்துவிட்டார்.

முதல் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுப்பீர்கள்?

முதல் இரண்டு வாரம் விரலே வைக்கவிடமாட்டேன். வெறும் தந்தியில் வில் போட வேண்டும், நுனியிலிருந்து அடிவரை நேராக. பூனை கத்துகிற மாதிரி இருக்கும், வீட்டில் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பயிற்சிகள். அது கொஞ்சம் கைக்கு வந்ததும் "சக்தி சஹித கணபதிம்" என்ற நோட்டுஸ்வரம். மணலியிலிருந்து வருகிற பிள்ளையாக இருந்தால் அதை வாசிக்கவைப்பதற்கு முன் பாலுசுவாமி கதையைச் சொல்லிவிடுவேன். போன மாதம் ஒரு பையன் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "அவரு எந்தத் தெருவுல இருந்தாரு மிஸ்?" என்று கேட்டான்.

சேர்க்க வரும்போது வயலின் வாங்கிக்கொண்டு வர வேண்டாம், அளவு பார்த்து நானே சொல்கிறேன். இடது கை நகத்தை மட்டும் ஒட்ட வெட்டி அனுப்புங்கள்.